சர்வே நம்பர் தெரியாத படம்

விடுதியின் மூன்றாம் குளியலறையில்
திருவிழா சீரியல் செட்டிலிருந்து
கழற்றி வந்த சிவப்பு பல்பு.
கதவிடுக்கை அடைக்க ஒரு பழைய நைட்டி.
உள்ளே நான்
கேமரா இல்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.
தாளின் மேல் பாதி எரிந்த கொசுவர்த்தி,
பல் போன கிளிப், முருங்கை ஈர்க்கு.
மூன்று விநாடி வெளிச்சம். பிறகு
பிளாஸ்டிக் தட்டில், மருந்துக்குள்,
வெள்ளைச் சுருளொன்று மெல்ல எழுந்தது,
எதனுடையதும் அல்லாத சுருள்.
வெளியே வாளியோடு நின்றவள் கத்தினாள்:
“உள்ள என்னடி, பேயா ஓட்டுற?”

நூலகத்தில் அட்டை போன தடிப்புத்தகம்.
அதில் ஒருவர் குடமிளகாயை
ஒரு மனிதமுதுகாக்கியிருந்தார்.
ஒருவர் மேகத்தை மட்டும் எடுத்தார்,
கீழே ஊரே இல்லை.
நோட்டில் எழுதிக்கொண்டேன்:
அடிவானத்தை வெட்டு.
பெயரைச் சொல்லாதே.
கிட்டப் போ. இன்னும் கிட்ட.

அந்த மாதம் கும்பகோணத்தில்
ஒரு முழுப் பொருளையும் நான் பார்க்கவில்லை.
எவர்சில்வர் குடத்தின் வயிற்றில்
வளைந்து போன மயிலாடுதுறை பஸ்.
கொள்முதல் நிலையத் தார்ப்பாயின் நீல மடிப்பு,
அதில் தேங்கிய ஒரு கை மழை.

தை பதினெட்டில் ஊரிலிருந்து போன் வந்தது.
“கேமராவோட வா” என்றாள் சித்தி.
வேறெதுவும் சொல்லவில்லை.

தலைஞாயிறு தாண்டி, மடத்து நிலம்,
குத்தகை, மூணு மா.
அறுப்புக்கு ஆறு நாள் இருந்த கதிர்
ஒரே திசையில் படுத்துக் கிடந்தது,
எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட தலைபோல்.
தண்ணீரில் வானம். வானத்துக்குள் தாளின் கோடுகள்.
நான் வரப்பில் மண்டியிட்டேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள்
அந்த அரைமணி நேரத்தில் கிடைத்தவை.

சுலோச்சனா சித்தி திரையை எட்டிப் பார்த்தாள்.
“நல்லாருக்கு. பட்டுப்புடவை கணக்கா இருக்கு.
இதுல வயல் எங்க?
நான் நிக்கணுமாம், பயிரு கையில இருக்கணுமாம்,
பின்னால மோட்டார் கொட்டகை தெரியணுமாம்.
இல்லேன்னா இன்சூரன்சு இல்லையாம்.”

குனிந்து ஒரு பிடி பிடுங்கினாள்.
கதிரிலேயே முளைத்த நெல்,
பச்சை ஊசி ஊசியாய்.
“தவிட்டுக்குக்கூட ஆவாது இனி.”
முழங்கால் தண்ணீரில் நிமிர்ந்து நின்றாள்,
ஒரு கையில் கதிர்,
மறு கை உடம்போடு ஒட்டி,
ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல்.
நான் பின்னால் போனேன். இன்னும் பின்னால்.
கொட்டகை வந்தது. மின்கம்பி வந்தது.
வெட்டியெறிந்த அடிவானம் திரும்பி வந்தது.
கடைசியாக அவள் முகம்.

ஜபருல்லா கடையில் பிரிண்ட்.
சிவப்பு மை தீர்ந்திருந்தது, மஞ்சளும் பாதி.
சித்தி நீலமாய் வந்தாள்,
குறுக்கே ஏழெட்டு வெள்ளைக் கோடு.
கதிர் எது, விரல் எது, தெரியவில்லை.
“இன்னிக்குத்தாம்மா கடைசி நாள், குடுத்துப் பாருங்க” என்றார்.

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்,
படத்தை அல்ல,
பின்னால் பேனாவில் எழுதிய சர்வே நம்பரை.
திருப்பி, வானம் இருந்த மூலையில்
உருண்டை முத்திரை குத்தினார்.
ஊதா மை, லேசாகக் கலைந்தது.
நான் யோசித்து வைத்திருந்தாலும்
அங்கேதான் வைத்திருப்பேன்.

“சார், இதுல ஒரு ஜெராக்ஸ் வேணும்.”
“எதுக்கு?”
“அவ பரிச்சைக்கு” என்றாள் சித்தி, எனக்கு முன்.

பணம் இன்னும் வரவில்லை.
பையில் கொண்டுவந்த கதிரை
மூன்றாம் குளியலறையில் தாளின் மேல் பரப்பினேன்.
மூன்று விநாடி.
வெள்ளையாய் வந்தது, முளையும் வேரும்.
ஈரம் காயும் முன் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
சுலோச்சனா. மூணு மா. தை.
யாரோ வாளியால் கதவை இடித்தார்கள்.
“ரெண்டு நிமிஷம்” என்றேன்.