மூலையில் ஐந்து

"மூன்று சங்கிலி, ஒன்று விடு,
மூலையில் ஐந்து."
உற்பத்திக் கூட்டத்தில்
என் குறிப்பேட்டைப் புரட்டிச் சத்தமாக வாசித்தார்
வெங்கடரத்தினம்.
இது எந்த ஸ்டேஷன் செட்டிங் என்று
திரையில் இருந்த அட்டவணையைப் பார்த்தார்,
பிறகு என்னை.

குளியலறை ஜன்னலின் செட்டிங், சார்.

அப்படிச் சொல்லவில்லை.
பழைய பக்கம் சார், என்றேன்.
ஒன்பதாம் லைன் மாதக் கடைசிக்குள் ஓட வேண்டும்.
கம்ப்ரசர் மூடியில் மூன்றுக்கு ஒன்று கசிகிறது.
கசிகிற வரைக்கும்
எனக்கு ஞாயிறு கிடையாது.

வீட்டுக்கு எதிர்மனையில்
மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள்.
எங்கள் ஜன்னலில் இப்போதைக்குச் செய்தித்தாள்.
நீராவியில் ஊறி
ஏதோ ஒரு வேட்பாளரின் தாடை தொங்குகிறது.
நானே குரோஷாவில் திரை போடுகிறேன் என்று
வாயைவிட்டது நான்தான்.
அறுபது சதுரம்.
ஆவணியில் ஆரம்பித்தேன்.
தை பிறந்தாயிற்று, நாற்பத்தொன்று.

கும்மிடிப்பூண்டியில் ஏறினால்
எளாவூருக்குள் ஒரு சுற்று,
ஆரம்பாக்கத்துக்குள் இன்னொன்று,
உட்கார இடம் கிடைத்தால்.
தடாவில் பலகை எழுத்து உருண்டையாகும்.
ஊசியைச் சாப்பாட்டுப் பையில் செருகி
அடையாள அட்டையை மாட்டிக்கொள்வேன்.

போன வாரம் தணிகைவேலு நூல் வாங்கி வந்தார்.
வெள்ளைதான்.
என் வெள்ளை இல்லை.
"வெள்ளையில என்ன ரெண்டு?"
பதில் சொல்லத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன்.
அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.
இரண்டு நாள், சட்னிக்கு உப்புப் போதுமா என்பதைக்கூட
கபிலன்தான் அங்குமிங்கும் கொண்டுபோனான்.
ஒவ்வொரு சேதிக்கும் இரண்டு ரூபாய் கேட்டான்.

நேற்று இரவு ஷிப்டு.
மூடியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி
இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்,
குமிழ் வருகிறதா என்று.
கண் தண்ணீரில்.
கை சும்மா இருக்கவில்லை.

நாகமல்லேஸ்வரி வந்தாள், நீலத் தொப்பியோடு.
சொந்த ஊர் நரசாபுரம் பக்கம்.
கேட்காமலே சதுரத்தை வாங்கி
முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
"மா அம்மா லேசு போடுவாங்க அக்கா. கூலிக்கு.
ஒரு கண்ணி தப்பினா துட்டு இல்ல.
எண்ணிக் குடுக்கறது நானு."

நீ போடுவாயா, என்றேன்.
"தொட விடல. தொட்டா அடி.
அதுக்குத்தான் டிப்ளமா."

சதுரத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.
விட்டதும் கிண்ணம் போலக் குழிந்தது.
"மூலையில அஞ்சு பத்தாது. ஆறு."
பிறகு, கசிவு எண் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:
"மீக்கு இதி டைம்பாஸா?"

குத்தல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.
ரயிலில், தொட்டியருகில்,
பாத்ரூம் வெளிச்சத்தில், மகன் தூங்கிய பிறகு,
திருடித் திருடிச் சேர்த்த அரைமணிகளுக்கு
எந்த மொழியில் என்ன பெயர் என்று தேடினேன்.
அவள் அம்மாவின் இரவுகளுக்கு எதிரே வைத்தால்
எந்தப் பெயரும் கூசியது.
அதற்குள் தொட்டியில் ஒரு குமிழ்.
இருவரும் குனிந்தோம்.

(மூலைக்கும் கசிவுக்கும் சம்பந்தம் இல்லை.
சப்ளையர் அனுப்பிய ரப்பர் வளையம் போலி.
விடியற்காலை கண்டுபிடித்தோம்.
வெங்கடரத்தினம் டீ வாங்கித் தந்தார்.)

காலை ரயிலில் கூட்டமில்லை.
நாற்பத்தொன்றையும் மடியில் பரப்பினேன்.
பிரித்தால் ஒரே இழுப்பு,
ஆவணி வரைக்கும் போய்விடலாம்.
பிரிக்கவில்லை.
நாற்பத்திரண்டாவதை
தணிகைவேலுவின் வெள்ளையில் ஆரம்பித்தேன்,
மூலைக்கு ஆறு.

வீட்டில் ஜன்னலுக்குப் புதுத் தாள் ஒட்டியிருந்தது,
ஓரம் பிசகாமல், நான்கு பக்கமும் டேப்.
வரி விளம்பரப் பக்கமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்,
முகம் எதுவும் இல்லாமல்.
"உப்பு போதுமா?" என்று
நேராக என்னிடமே கேட்டார்.
கபிலன் முறைத்தான்.