உதிர்ந்த வட்டங்கள்

பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேருந்தின் ஹீட்டர் நேற்றே இருமத் தொடங்கியிருந்தது,
காலையில் இருமலும் நின்றுபோனது.
இனாரி ஏரிக்கு வடக்கே, வெள்ளைச் சாலையில்
நாங்கள் இரண்டே பேர்:
நான்,
அப்புறம் இரண்டாயிரத்து நூற்று ஆறு புத்தகங்கள்.
மொத்தமாக அவற்றை ஓர் ஆளென்றே
எண்ணிப் பழகிவிட்டேன்.

மஞ்சள் வட்டம் என்றால் ஆறு வயதுக்குள்.
பச்சை, பன்னிரண்டு வரை.
நீலம், கதவைச் சாத்திக்கொள்ளும் வயது.
சிவப்பு, வரி கட்டுகிறவர்கள்.
தெற்கே ஓர் அலுவலகத்தில்
சூடான அறையில் யாரோ பிரித்த வயதுகள்.
பசைக்கும் குளிரும் என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில் ஒரு பனிமான்
நடுச்சாலையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.
பிரேக் அடித்தேன்.
பின்னால் போய்ப் பார்த்தால்
கல்யாணம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன
மண்டபத் தரை போல
வட்டங்கள்.
நானூறாவது இருக்கும்.

முதல் நிறுத்தத்தில் ஓவ்லா.
இருபது வருடமாகக் கடற்போர் மட்டுமே படிக்கிற மனிதர்.
கையுறையைப் பல்லில் கவ்விக்கொண்டு
நத்தை ஒன்று வீடு மாற்றும் கதையை
நின்றபடியே படித்தார்.
பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றையும் இருமுறை.
"கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது?"
பார்த்தேன், கடைசித் தாள் கிழிந்திருந்தது.
வேறு தரட்டுமா என்றேன்.
"இதுவே இருக்கட்டும்.
போகிற வழியில் நான் யோசித்துக்கொள்கிறேன்."

எல்யாஸுக்குப் பதினைந்து.
அம்மா தங்கச் சுரங்கத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள்.
பெரிய எழுத்துச் சமையல் புத்தகத்தைப் பிரித்து
அவன் கேட்ட ஒரே கேள்வி:
"உப்பு தேவையான அளவு என்றால்
எவ்வளவு?"
ஐம்பத்து மூன்று வயதாகிறது எனக்கு.
தெரியவில்லை என்றேன்.

ரௌனா மட்டும் நேராக
நீல அலமாரிக்குப் போனாள்.
வட்டம் விழுந்திருந்தாலும் வழி தெரியும்போல.
முதல் காதல், முதல் முத்தம், முதல் பொய்,
ஐந்தை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள்.
முப்பது வருடம் தபால் நிலையத்தில்
பிறர் கடிதங்களைப் பிரிக்காமலே கொடுத்தவள்.
"இப்போது பிரிக்கலாம்தானே" என்றாள்.

கடைசியாக இன்கா, மூன்றாம் வகுப்பு.
டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் கையேடு
அவள் மடியைவிடப் பெரிது.
"இது எனக்கானதா?"
பழக்கத்தில் முதுகுப்பட்டையைத் திருப்பினேன்.
வட்டம் இருந்த இடத்தில்
காய்ந்த பசையின் தடம் மட்டும்.
"உன் அட்டையைக் கொடு."

கொடுத்துவிட்டுப் போகவில்லை.
டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து
எண்பத்தெட்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.
ஃப்யூஸை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள் என்று
கொஞ்சம் வருத்தமாகச் சொன்னாள்.
சூடு வந்தது.
ஏழு நிமிடம். பிறகு மறுபடி நின்றது.
அந்த ஏழு நிமிடத்தில்
தரையின் பனி உருகி, பசைக்கு உயிர் வந்து
வட்டங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன,
தரையோடு.

இரவு, அலுவலகத்துப் படிவம்.
வயதுவாரியாக எத்தனை?
நான்கு கட்டங்களையும் விட்டுவிட்டு
மொத்தத்தை மட்டும் எழுதினேன்.
புது வட்டங்கள் வருகிறதாம்,
நல்ல பசை, ஜெர்மன் தயாரிப்பு.

கரண்டியால் தரையைச் சுரண்டும்போது
இருக்கைக்கு அடியில் அகப்பட்டது
ஓரம் கிழிந்த ஒரு தாள்.
நத்தையின் வால் நுனி தெரிந்தது,
மீதி மறுபக்கத்தில்.

ஓவ்லாவை இனி பதினைந்து நாள் கழித்துத்தான் பார்ப்பேன்.
கண்ணாடிக்கு மேலே வெயில் தட்டியில்
கவிழ்த்துச் செருகி வைத்திருக்கிறேன்.
சாலை நேராக இருக்கும் இடங்களில்
கை தானாக அங்கே போகிறது.