மூன்றாவது மதிப்பீடு

முதலில் வந்தவன் காரிலிருந்து இறங்கவே இல்லை.
கண்ணாடியை இறக்கி, முற்றத்தை ஒருமுறை பார்த்து
பிளாஸ்டிக் புல் என்றான்.
பத்து வருட உத்தரவாதம்,
நாய் மூத்திரத்துக்கும் தாங்குமாம்.
ஜூன் மாதம் அதன்மேல் வெறுங்காலோடு
நிற்க முடியுமா என்றேன்.
எதற்கு நிற்க வேண்டும் என்றான்.

இரண்டாமவர் இஸ்திரி போட்ட சட்டை, கையில் டேப்லெட்.
பதினெட்டு டன் வெள்ளைச் சரளை,
நடுவில் ஒற்றைக் கற்றாழை.
அவர் காட்டிய படத்தில் என் வீடு
பல் ஆஸ்பத்திரி போல இருந்தது.

பணத்தைத் தண்ணீராக இறைக்காதே என்பது பொதுப்புத்தி.
டூசானில் அதைத் திருப்பிப் போட வேண்டும்.
செப்டம்பர் ரசீது இருநூற்றுப் பதினோரு டாலர்;
பாதிக்கு மேல் குடித்தது
நான் ஒருநாளும் உட்காராத புல்.
விடியுமுன் பள்ளிப் பேருந்தை எடுக்கக் கிளம்புகையில்
தெளிப்பான்கள் தார்ச்சாலைக்குத்
தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்.
எனக்கும்தான்.

மூன்றாவதாக வந்தவள் இக்னாசியா வால்டெனெக்ரோ.
டிரக்கில் இரண்டு கடப்பாரை, ஒரு தள்ளுவண்டி,
முன்னிருக்கையில் வாய் திறந்து தூங்கும் மகன்.
அளவுநாடாவைத் தொடவில்லை.
தோட்டக் குழாயைத் திறக்கச் சொன்னாள்.
கூரைநீர் விழும் மூலையில் அதைப் போட்டுவிட்டு
தண்ணீர் போன வழியெல்லாம்
கடன் கொடுத்தவள் போலப் பின்னாலேயே போனாள்:
கார் நிற்கும் சிமெண்ட் சரிவு,
தபால்பெட்டியைச் சுற்றி ஒரு வளைவு,
தெரு,
தெருமுனைச் சாக்கடை.

திரும்பி வந்து குழாயை மூடினாள்.
"வானம் சும்மா தருவதை வெளியே அனுப்புகிறீர்கள்.
பிறகு குழாயில் விலைக்கு வாங்குகிறீர்கள்."

மஞ்சள் தாளில் கையெழுத்தாகவே ஒப்பந்தம்.
புல்லை உரிப்பது.
மூன்று குழிகள், கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ்.
தெருவோரக் கல்லில் ஒரு மடை வெட்ட
நகராட்சி அனுமதி, அது அவள் பாடு.
வெல்வெட் மெஸ்கீட் கன்று ஒன்று.
ஏழாவதன் கீழே இரண்டு கோடு:
*முதல் வருடம் செத்த மாதிரி இருக்கும்.
போன் செய்யக் கூடாது.*

விவேகத்தால் அவளைத் தேர்ந்தேன் என்று சொல்ல ஆசைதான்.
தவணைக்கு ஒப்புக்கொண்டவள் அவள் மட்டும்.

ஒரு சாண் தோண்டியதும் கடப்பாரை மணி போல ஒலித்தது.
கலீச்சி என்றாள். சுண்ணாம்பு இறுகிய தரை,
ஊருக்கே அடியில் ஒரு மூடி.
நான் செல்லம் கொடுத்த புல்
இந்த மூடியின் மேல் வாடகைக்கு இருந்திருக்கிறது.
மேட்டு வீட்டு டெல்பர்ட் வேலிக்கு மேல் தலைநீட்டி
யாரைப் புதைக்கப் போகிறாய் என்றான்.
ஆள் இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

பிப்ரவரியில் கன்று வெறும் குச்சி.
நகத்தால் கீறிப் பார்க்கக் கை துடித்தது.
போன் செய்தேன்.
மறுமுனையில் யாரோ கல்லை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
"ஏழு" என்றாள்.
வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் குச்சியின் கணுவில் பச்சையாக ஏதோ.
அதற்கு நான் போன் செய்யவில்லை.

ஜூலை பத்தொன்பது, இரவு பதினொன்றரை.
முதலில் கிரியோசோட் புதரின் வாசனை,
பிறகு காற்று,
பிறகு ஒரு கதவு எங்கோ அடித்தது.
இருபது நிமிட மழை, அவ்வளவுதான்.
தெரு ஓடையாகி
என் வீட்டு மடையில் தலையைத் திருப்பி
உள்ளே வந்தது: பழுப்பாக, சிகரெட் துண்டுகளோடு,
காகிதக் கோப்பையோடு, ஒரு டென்னிஸ் பந்தோடு.
முதல் குழி நிறைந்து இரண்டாவதுக்கு வழிந்தது.
இரண்டாவது, அவசரப்படாமல், மூன்றாவதுக்கு.
நான் வெறுங்காலோடு நடுவில் நின்றேன்.
குளிர்ந்த சேறு விரலிடுக்கில் ஏறியது.

டெல்பர்ட்டின் ஜன்னலில் விளக்கு எரிந்தது.
அவன் கூரைத் தண்ணீரும்
என் குழிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

காலையில் வந்து பந்தைக் கேட்டான்.
கழுவிக் கொடுத்தேன்.
மற்றதை அவன் கேட்கவில்லை.