எட்டு நாற்பது

பின்நேரக் கடமை எட்டு மணிக்கு முடியும்.
வார்ட்டை ஒப்படைத்து, சீருடை மாற்றி,
ஸ்கூட்டியை எடுத்து வந்து
படலையில் நிற்கும்போது எட்டு நாற்பது.
வீடு வாங்குவதென்றால்
நான் முதலில் பார்ப்பது அந்த நேரத்தை.

தரகர் இரத்தினசோதி காட்டுவதெல்லாம்
காலை பத்து மணி வீடுகள்.
வெயில் விழுந்த முற்றம். காய்த்த மா.
"நாலு பரப்பு, நல்ல தண்ணி, உறுதி சுத்தம்.
உரித்துக்காரர் கனடாவிலை, அற்றோனி இஞ்சை."
குகனேசன் சுவரைத் தட்டிப் பார்ப்பான்.
நான் கம்பங்களை எண்ணுவேன்:
ஒழுங்கை முகப்பிலிருந்து கேற் வரை ஏழு,
லைற் எரிவது மூன்றில்.

கொண்டாவிலில் ஆளுயரத்துக்கு மேல் மதில்,
மதிலின் தலையில் போத்தல் ஓடு,
நாலு மூலைக்கும் கமரா.
பக்கத்து வீட்டுத் தகரக் கேற்றில்
புதுப் பச்சைப் பெயின்ற்.
தடவிப் பார்த்தேன்.
பெயின்றுக்குக் கீழே நீளநீளமாய்ப் பள்ளம்,
எண்ணினேன், ஒன்பது.
அந்த நீளம் எனக்குப் பழக்கம்.
முன்னங்கையில், தோளில், ஒருமுறை ஒரு பொடியனின் முதுகில்
விடிய விடியக் கட்டு மாற்றியிருக்கிறேன்.
"அது முந்தி, தங்கச்சி."
எவ்வளவு முந்தி?
அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு
தரகர் றோட்டுக்கு இறங்கிவிட்டார்.

அரியாலை வீடு வடிவு.
பின் வளவில் ஓரிடம் மட்டும் பதிந்து கிடந்தது,
கட்டில் நீளம், அதில் பாதி அகலம்,
மாரித் தண்ணி இன்னும் வற்றவில்லை.
"குளமோ அம்மா?" என்றாள் மதுரிகா.
"மூடினதுதான், மண் இன்னும் இறுகேல்லை," என்றார் தரகர்.
குகனேசன் தள்ளி நின்றான்.
ஒன்பது வயதில்
அதேயளவு கிடங்கொன்றில் பதினொரு பேரோடு இருந்தவன்.
அந்த ஊரிலேயே பாதுகாப்பான இடம்
அன்றைக்கு அதுதான்.

இருபாலையில் மதிலுக்கு மேலால் ஒரு முகம் சிரித்தது.
"நல்ல அயல். எல்லாரும் உத்தியோகம்.
ஒரு சத்தம் சந்தடி இல்லை.
இருங்கோ, தேத்தண்ணி போடுறன். நீங்கள் எவடம்?"
சொன்னேன்.
"அவடத்திலை எவடம்?"
சொன்னேன்.
"கோயிலுக்கு எந்தப் பக்கம்?"
அதையும் சொன்னேன்.
தேத்தண்ணி வரவில்லை.
அடுத்த நாள் விலை பதினைந்து லட்சம் ஏறியிருந்தது,
உரித்துக்காரர் மனம் மாறிவிட்டாராம்.
நல்ல அயல்தான்.
யாரிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதுதான்
எனக்குக் கொஞ்சம் பிந்தி விளங்கியது.

கொக்குவில் வீட்டை யாரும் புகழவில்லை.
தகர வேலி, அதிலும் ஒரு தகரம் இல்லை.
கிணற்றுத் தண்ணியைச் சேலைன் போத்தலில் அள்ளிக்கொண்டுபோய்ச்
சோதிக்கக் கொடுத்தேன்,
குடிக்கலாம், மட்டுமட்டாக.
ஐந்து கம்பம், இரண்டு லைற்.
வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடித்தான்
ஒருநாள் கடமை முடிந்து தனியே போனேன்.

மதகடியில் சில்லு இறங்கி ஸ்கூட்டி சரிந்தது.
பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் நின்றது.
இரண்டு பேர். முகம் தெரியவில்லை.
ஹெல்மெற் இல்லாதவனின் இடது கையில் ஏதோ நீளமாய்.
கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"அக்கா, ஹான்டிலை விடுங்கோ."
நீளமாய் இருந்தது குடை.
தூக்கி றோட்டில் நிறுத்தினார்கள்,
கண்ணாடியை நேராக்கினார்கள்,
எவடம் என்று கேட்கவில்லை.
அவர்கள் திரும்பியதும்
இலக்கத் தகட்டைப் போனில் பதிந்தேன்.
நன்றி சொல்ல மறந்துவிட்டேன்,
இலக்கத்தை மறக்கவில்லை.

ஆவணியில் உறுதி முடித்தோம்.
குகனேசன் தகரம் அடித்தான்,
மூன்றாவது கம்பத்துக்கு லைற் கேட்டு
பிரதேச சபைக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.
அந்த மோட்டார் சைக்கிள் நாலாம் வீட்டு மயூரதனுடையது.
மதுரிகாவுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான்.

இலக்கம் இன்னும் போனில் இருக்கிறது.
அழிக்க எடுத்துவிட்டு
ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.