சிவப்புக் கட்டை

பதினேழாம் வரியில் பரந்தன் அரிசி ஆலை.
ஞாயிறு இரவு நான்தான் ஏற்றினேன்:
முகவரி, திறந்து கிடக்கும் வாசலின் இலக்கம்,
கேள்வியைவிடப் பதில் எத்தனை மடங்கு.
ஐம்பத்து நான்கு.

செவ்வாய் காலை ஆலைக்காரர் குலவீரசிங்கம்
உமி ஒட்டிய சாரத்தோடு வந்து நின்றார்,
கிளிநொச்சியில், மருந்துக் கடைக்கு மேலே,
மூன்று மேசையும் ஓர் ஏசியும் உள்ள எங்கள் அறையில்.

'என்ர பேரை ஏன் பிள்ளை ஊருக்குக் காட்டினனீர்?
ஒருத்தருக்கும் நான் ஒரு கல் எறியேல்ல.'

எறியவில்லை. உண்மை.
பட்டியல் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம்
யாரும் சும்மா திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவும் தெரியும்.
பேர் இருந்ததால் போனவர்,
பேர் இல்லாததால் அரிசி கிடைக்காதவர்,
இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார்.

எவனோ ஒருவன் உங்கட மெசினிட்ட
சின்னதாய் ஒரு கேள்வி கேக்கிறான், ஐயா.
கேட்டவர் ஆர் எண்ட இடத்தில
வேற ஆளின்ர விலாசத்தை எழுதிப்போடுறான்.
உங்கட மெசின் நல்ல பிள்ளை.
உண்மையிலே அவர்தான் கேட்டவரோ எண்டு பாக்காது,
முழுப் பதிலையும் அந்த விலாசத்துக்கு அனுப்பும்.
ஒரு சிரட்டைத் தண்ணி கேட்டா ஒரு பவுசர்.
இப்பிடி நாப்பதாயிரம் நல்ல பிள்ளையள்
ஒரே நிமிசத்தில, ஒரே வீட்டுக்கு.

யோசித்தார். 'ஆற்ற வீடு?'

பொய் சொல்ல மனம் வரவில்லை.
அன்றிரவு விழுந்தது, எங்கோ ஒரு குளிர் நாட்டில்,
பிள்ளைகள் ஆளையாள் சுட்டு விளையாடும்
ஒரு கேம் சேர்வர்.

'இதுக்கோ?'

இதற்குத்தான்.

முகமாலையில் ஆறு வருசம்
முழங்காலில் நின்று மண் கிளறியவள் நான்.
வெடி இருக்கும் பக்கம் சிவப்புக் கட்டை,
எடுத்து முடித்த பக்கம் வெள்ளை.
யாருடைய காணி என்று கட்டை கேட்டதில்லை.
காணிக்காரன் புதைத்தான் என்று சொன்னதும் இல்லை.
இன்னும் எடுக்கவில்லை, அவ்வளவுதான் அது சொல்லும்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது.
கண்ணிவெடிக்கு வாசிக்கத் தெரியாது.
கள்ளனுக்குத் தெரியும்.
எதிர் மேசைத் துவாரகி அதைத்தான் சொல்கிறாள்:
'கள்ளனுக்குப் படலை காட்டுறம், அக்கா.'
அவன் வரைபடத்தோடு வந்தவன், என்கிறேன்.
தெரியாமல் இருந்தது வீட்டுக்காரருக்கு மட்டும்.
மூன்று கடிதம் போட்டோம், ஒரு பதில் இல்லை.
பட்டியல் போட்டு ஒன்றரை நாள், ஆளே வந்து நிற்கிறார்.
துவாரகி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆலையின் றவுட்டர் நெல் மூட்டைகளுக்குப் பின்னால்,
பல்லி முட்டை, தவிட்டுத் தூசி.
பாஸ்வேட் பெட்டியிலேயே ஒட்டிக் கிடந்தது.
பதினொரு நிமிடம்.
இனி ஆலைக்குள் இருப்பவர் கேட்டால் மட்டும் அது வாய் திறக்கும்.

'வெடி எடுத்தாப் பிறகு கடுதாசி ஒண்டு தந்தவை.
நீங்களும் தருவியளோ?'

இல்லை ஐயா. அந்த வரியை எடுத்துவிடுவன்.

'அப்ப நான் அதில இல்லை எண்டதுக்கு
என்ன அத்தாட்சி?'

பிளேன்ரீ வந்தது. குடித்தேன்.
சீனி கூட.

இரவு பதினேழை அழித்தேன்.
பதினெட்டு மேலே ஏறி அந்த இடத்தில் இருந்தது:
முறிகண்டிப் பக்கம் ஒரு ரியூட்டரி.
ஒன்பதாம் வரி மட்டும் மாசக்கணக்காய் அசையவில்லை.
அதையும் நானே ஏற்றினேன். எங்கள் அலுவலகம்.
பாஸ்வேட் வைத்திருந்த பெடியன்
இப்போது ஸ்காபரோவில் லொறி ஓட்டுகிறான்.
அங்கே இந்நேரம் பகல்.
போன் அடிக்கிறது.
எடுக்கிறானில்லை.