பதினேழாவது எபிசோடு

சிவப்பிலேயே நின்றுவிட்டது
ஊரின் ஒரே டிராஃபிக் விளக்கு.
பச்சை விழட்டுமென்று காத்திருக்கிறார்கள்
மனிடோபாக்காரர்கள், மரியாதையாக.
முதல் விளம்பரத்துக்குள்
பின்வண்டிக்காரர் இறங்கிவந்து
முன்வண்டிக்காரியிடம் கடன் கேட்டாயிற்று.
பாதிரியார் கார் ஜன்னல் வழியே
ஒரு கல்யாணத்தை முடித்துவைக்கிறார்.
வழிமறித்த குற்றத்துக்காக
கான்ஸ்டபிள் தனக்கே எழுதிக்கொள்கிறார்
அபராதச் சீட்டு.
ஸ்டூடியோ தரையில் வரைந்த சாலையை
வான்கோழி ஒன்று மட்டும்
யாரையும் கேட்காமல் கடக்கிறது.

அரங்கமே சிரிக்கிறது.

ஆர்வில் ஹால்வர்சன் சிரிப்பதில்லை.
சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு
சூப் கரண்டியை அந்தரத்தில் நிறுத்துகிறார்.
சிரிப்பு அடங்கி,
கான்ஸ்டபிள் வாய் திறக்கப்போகும் இடுக்கில்
கேட்கிறது
ஒற்றைச் சிரிப்பு, தாமதமாக,
விக்கலில் முடிகிற சிரிப்பு.

மார்லிஸ்.
மூன்றாவது வரிசை. தொண்ணூற்றொன்று, நவம்பர்.
‘இப்பத்தான் புரிஞ்சுது, அந்த வான்கோழி’ என்று
வீடு வரும்வரை எண்பது கிலோமீட்டர்
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
மானம் போயிற்று என்று
அவர் பனியைப் பார்த்தபடி வண்டி ஓட்டினார்.

ரிமோட்டை அழுத்துகிறார்.
வான்கோழி பின்பக்கமாக நடந்துபோய்
ஓரத்தில் நிற்கிறது.
கல்யாணம் கலைகிறது. கடன் திரும்புகிறது.
விளக்கு சிவப்பு.

நல்லது,
யாரும் இன்னும் கிளம்பவில்லை.