பொருள்: அமைதி – தொடர்பாக

ஒன்பதாவது தடவையாக
அதே கோப்பை அவிழ்க்கிறேன்.
அட்டையின் மூலையில் யாரோ வைத்துப்போன டீ வட்டம்.
ஜன்னலுக்கு வெளியே மஞ்சக்குப்பம் மைதானத்தில்
வஜ்ரா வண்டியின் நிழலில்
போலீஸ்காரர் ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு தின்கிறார்.

இந்த முறை கோடித்திட்டு ‘அ’ தரப்பு,
மேலமுனை ‘ஆ’ தரப்பு.
போன முறை மாற்றி.
“எங்கள ஏன் ரெண்டாவதா எழுதற” என்று
மூன்றாம் அமர்வு ஏழு நிமிடத்தில் கலைந்ததிலிருந்து
முறைவைத்து எழுதுகிறேன்.
உயிரெழுத்துக்கும் சண்டை வரும் என்று
பணித்தேர்வில் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் நான்கு கோட்டாட்சியர்.
ஒருவர் தேர்தலுக்கு முன் போனார்,
ஒருவர் தேர்தல் முடிந்து.
மூன்றாமவருக்குப் பெயர்ப்பலகையில் பெயிண்ட் காயவில்லை.
ஒவ்வொருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்கிறார்கள்.

முதல் என்பது எது?
கோடித்திட்டு சுருக்குமடி வலையிலிருந்து தொடங்கும்:
“குஞ்சு குளுவானெல்லாம் வாரிக்கிட்டுப் போனா
நாங்க மண்ணையா திங்கறது?”
மேலமுனை வட்டியிலிருந்து தொடங்கும்:
வலைக்கு நாற்பது லட்சம்,
இருபத்தெட்டுக் குடும்பத்துத் தாலி அடகுக்கடையில்.
பிறகு
கொடிக்கம்பத்தை யார் வெட்டியது,
ஐஸ் ஏற்றவிடாமல் மறித்தது எந்தக் கட்சி,
ஆட்சி மாறிய அன்று யார் வாசலில் வெடி வெடித்தது.
காற்றடிக்கும் பக்கம் பாய் திரும்பும்;
இங்கே கரையே திரும்பிக்கொள்கிறது.

பிரதாபன் பெயர் வரும் இடத்தில் மட்டும்
இரண்டு தரப்பும் மேசையைப் பார்க்கும்.
நான் அங்கே ‘மேற்படி சம்பவம்’ என்று போடுகிறேன்.
இருபத்தாறு வயது.
துடுப்புக் கட்டையால்.
மேற்படி.

உள்ளே பன்னிரண்டு பன்னிரண்டாய் ஆண்கள்.
வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில்
அவன் அம்மா அஞ்சலாட்சி.
அவளருகே மேலமுனைத் தனவள்ளி;
புருஷன் கேப்பர் மலைச் சிறையில்,
அதே மேற்படிக்காக.
ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்:
துறைமுகத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோ
எட்டுப் பேர் சேராமல் கிளம்பாது.
எட்டாவது ஆள் தனவள்ளி.
இறங்கும்போது டிரைவரிடம் சில்லறை இல்லை,
இருவருக்குமாய் நாற்பது ரூபாய்
அஞ்சலாட்சி கொடுத்திருக்கிறாள்.

இருபது ரூபாய்த் தாளை
முந்தியில் முடிவதும் அவிழ்ப்பதுமாய்த் தனவள்ளி.
நீட்டினால் வாங்குவாளா என்று
தெரியாத கை.
பேசவில்லை.
பேசாமலிருப்பதற்கும் நம் மொழியில்
அமைதி என்றுதான் பெயர்.
எந்த அமைதி என்று கோப்பில் கேட்கமாட்டார்கள்.

ஷரத்து ஒன்று முதல் ஆறுவரை கூச்சல்.
வலைக்கண் அளவு, கடல் மைல், நஷ்டஈடு, வழக்கு வாபஸ்.
ஒரு நாற்காலி விழுந்தது.
டி.எஸ்.பி. தொப்பியை எடுத்து மாட்டினார்.
ஏழாவதை வாசித்தேன்,
பழைய வரைவிலிருந்து தப்பி வந்த வரி:
‘கடலில் என்ஜின் பழுதாகி நிற்கும் படகுக்கு
எந்த ஊர் என்று கேளாமல் கயிறு வீசுவது.’

“இதையெல்லாமா எழுதுவாங்க?”
என்றார் கோடித்திட்டு தேசிங்கு.
எதிர்வரிசையில் மஞ்சினி மீசையைத் தடவியபடி,
“அதானே, இதுக்கு எதுக்குக் கடுதாசி?”
ஒன்பது அமர்வில் முதல்முறையாக
இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டது
அடித்துவிட வேண்டிய ஒரு வரியை.
பென்சிலால் அடித்தேன்.

கையெழுத்துக்கு இரண்டு பேனா,
ரேகைக்கு இரண்டு மைப்பெட்டி.
நாலு பேர் எதையும் தொடாமல் எழுந்து போனார்கள்.
ஐந்து மணித் தபாலில்
கோட்டாட்சியருக்கு மாறுதல் உத்தரவு.
கோப்பைக் கட்டினேன்.
இறுக்கவில்லை.

கீழே ஆட்டோக்காரன் கூவுகிறான்:
“தொறமொகம், தொறமொகம், ஒரே ஆளு.”
ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மரத்தடியில் எழுந்து நிற்பது
இருவரில் யார் என்று
இங்கிருந்து தெரியவில்லை.